பரங்கிப் பெண் பூவின் சூற்பை: ஒரே ஒரு வெட்டு போதுமா?

செதுவாலை_தாவரவியல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செய்முறை வகுப்பு எடுப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் ஒரு கேள்வியும் கேட்கிறேன், என் கருத்தையும் வைக்கிறேன்.

பெண் பூ என்றால் பரங்கியோ பாகலோ கொடுக்கிறோம். சூற்பையின் நடுவில் ஒரு குறுக்கு வெட்டு, ஒரு படம், குறிப்பேட்டில் கையெழுத்து. அத்தோடு முடிந்தது. அந்த ஒரு வெட்டில் என்ன தெரிகிறது? மூன்று அறை மாதிரி ஒன்று, நடுவில் சேர்ந்திருக்கும் திசு, அங்கிருந்து கிளம்பி நிற்கும் சூல்கள். கண்ணால் பார்த்ததை நம்பும் மாணவர் 'அச்சுச் சூல் ஒட்டுமுறை' (சூல்கள் நடு அச்சில் ஒட்டியிருப்பது) என்று எழுதுகிறார். புத்தகம் 'சுவர் சூல் ஒட்டுமுறை' (சூல்கள் சூற்பைச் சுவரில் ஒட்டியிருப்பது) என்கிறது. நாம் அடித்துத் திருத்துகிறோம். அடுத்த வருடத்துப் பிள்ளைகள் பூவைப் பார்க்காமலே 'சுவர்' என்று எழுதிவிடுகிறார்கள். மதிப்பெண் வந்துவிடும். ஆனால் நுண்ணோக்கி எதற்கு?

பெண் பூவை ஒரே வெட்டில் படிக்கக் கூடாது என்பது என் கருத்து. மகரந்தம் ஏற்கும் நுனியான சூலகமுடியில் தொடங்கிக் காம்பு வரை ஒரே பூவை வரிசையாக வெட்டி, அந்த வரிசையிலேயே பார்க்க வேண்டும். கூடவே 3, 4 மி.மீ. நீளமுள்ள இளம் மொட்டு ஒன்றையும் அதே மாதிரி வெட்ட வேண்டும். இளம் மொட்டில் விஷயம் தானாகவே விளங்கும். சுவரிலிருந்து மூன்று மடிப்புகள் உள்நோக்கி வளர்ந்து வருகின்றன. நடுவில் ஒன்றையொன்று தொட்டதும் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்து, மறுபடி சுவர்ப் பக்கம் வளைந்து திரும்புகிறது. சூல்கள் அந்த வளைந்த ஓரங்களில்தான் முளைக்கின்றன. மூன்று மடிப்புகளும் சந்திக்கும் கோட்டில் இரண்டு புறத்தோல் அடுக்குகள் முகத்தோடு முகம் தொட்டு நிற்பதை 40 மடங்கு லென்சில் பார்க்கலாம். முதிர்ந்த சூற்பையில் அந்தக் கோடு மங்கிவிடுவதால்தான் நடுவில் அச்சு இருப்பது போலத் தோன்றுகிறது.

மேலிருந்து கீழே வந்தால் இன்னொன்றும் புரியும். சூலகமுடி மூன்று, ஒவ்வொன்றும் இரு மடல். அதற்குக் கீழே சூலகத்தண்டில், சுற்றியுள்ள பெரிய பாரன்கைமா (மெல்லிய சுவருள்ள சாதாரணத் திசு) செல்களுக்கு நடுவே, சைட்டோபிளாசம் அடர்ந்த சின்னச் செல்களின் கூட்டம் தனியாகத் தெரியும். அதுதான் கடத்தும் திசு, மகரந்தக்குழலின் பாதை. அதையே விடாமல் கீழே கீழே தொடர்ந்தால் அது சூலொட்டுத் திசுவின் மேற்பரப்பில் கொண்டுவந்து விடும். அங்கிருந்து சூல்துளைக்கு, அதாவது மகரந்தக்குழல் சூலுக்குள் நுழையும் வாசலுக்கு, சிறு தூரம்தான், ஏனென்றால் பரங்கிக் குடும்பத்தில் சூல் தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. சூல்காம்பும் சூல்துளையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சூலகமுடி முதல் சூல் வரை அறுபடாத ஒரே பாதை. ஒரு வெட்டில் இது எப்படித் தெரியும்?

உங்கள் வகுப்புகளில் எப்படிச் செய்கிறீர்கள்?

காட்பாடி_டீச்சர் எழுதியது:

சார், நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் என் வகுப்பின் நிலையையும் கேளுங்கள். ஒரு பிரிவுக்கு ஐம்பதுக்கு மேல் பிள்ளைகள். ஒழுங்காக வேலை செய்யும் நுண்ணோக்கி இரண்டு. செய்முறைக்கு இரண்டு பீரியட். இதில் வரிசை வெட்டு எங்கே போடுவது?

இன்னொரு தொல்லை. பரங்கிச் சூற்பையை வெட்டியதும் பிளேடில் கொழகொழவென்று ஏதோ படிகிறது. அடுத்த வெட்டு வழுக்கிக் கிழிந்துவிடுகிறது. பிள்ளைகள் சலித்துப்போய் பக்கத்து மேசையின் படத்தைப் பார்த்து வரைகிறார்கள். இதற்கு வழி சொன்னால் முதலில் அதைச் செய்து பார்க்கிறேன்.

பாலாற்று_மணல் எழுதியது:

டீச்சர், ஆய்வகத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கொழகொழப்பு, உணவைக் கடத்தும் திசுவான புளோயத்திலிருந்து வரும் சாறு. பரங்கி, வெள்ளரி, சுரை எல்லாவற்றிலும் உண்டு. இந்தக் குடும்பத்தில் வாஸ்குலார் கற்றையின் உள்ளே வெளியே இரண்டு பக்கமும் புளோயம் இருக்கும். கற்றைக்கு வெளியிலும் தனித்தனி இழைகளாக ஓடும். வெட்டினதும் கசிந்து, காற்றுப் பட்டால் உறைந்துவிடும். சாதாரணத் துடைப்பில் போகாது.

என் முறை இது. பூவைக் காம்போடு பறித்ததும் காம்பு நுனியைத் தண்ணீருக்குள் வைத்து இன்னொரு வெட்டு. பத்து நிமிடம் அப்படியே விடுங்கள், பெரும்பகுதி சாறு வடிந்துவிடும். பிறகு சூற்பையை இரண்டு கேரட் துண்டுகளுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்து வெட்டலாம். நெட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. பிளேடையும் சூற்பையையும் நனைத்தே வைத்திருங்கள். புது பிளேடு, இழுத்து வெட்டுங்கள், அழுத்தாதீர்கள். ஒவ்வொரு வெட்டையும் பிரஷ்ஷால் எடுத்து, வரிசை மாறாமல் சின்னச் சின்னக் குழித்தட்டில் போடுங்கள். குழித்தட்டு இல்லையென்றால் காலி மாத்திரை அட்டை போதும். ஒன்று முதல் பத்து வரை எண் எழுதிவிட்டால் வரிசை வெட்டு தயார். ஐம்பது பிள்ளைகளும் வெட்ட வேண்டியதில்லை. ஐந்து பேர் ஒரு குழு, ஆளுக்கு இரண்டு குழி.

சாயத்துக்கு சாஃப்ரனினை விட டொலுய்டின் நீலம் இதற்கு உகந்தது. 0.05 சதவீதக் கரைசல், ஒரு நிமிடத்துக்குள் எடுத்துத் தண்ணீரில் கழுவிவிடுங்கள். ஒரே சாயம் பல நிறம் தரும். லிக்னின் (மரத்தன்மை தரும் பொருள்) ஏறிய சைலம் (நீர் கடத்தும் திசு) சுவர் பச்சை கலந்த நீலமாகத் தெரியும். பெக்டின் நிறைந்த மெல்லிய சுவர்கள் ஊதா, இளஞ்சிவப்பு. பிள்ளைகளுக்கு நிறத்தை வைத்தே திசுவைப் பிரிக்கத் தெரிந்துவிடும்.

வெளியிலிருந்து உள்ளே என்னென்ன பார்க்கலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒற்றை அடுக்குப் புறத்தோல், மேலே கியூட்டிக்கிள், பல செல் ரோமங்கள். சில ரோமங்களின் தலையில் சுரப்பி இருக்கும். பரங்கிப் பிஞ்சைத் தொட்டால் விரலில் சொரசொரப்பு தட்டுமே, அது இந்த ரோமங்கள்தான். அடுத்து பசுங்கணிகம் நிறைந்த நெருக்கமான சின்னச் செல்கள். அதற்கும் உள்ளே பெரிய பாரன்கைமா, அதில் சிதறிய வாஸ்குலார் கற்றைகள். பூ விரியும் நாளில் இந்தச் சுவரில் கற்றைகளுக்கு வெளியே லிக்னின் அநேகமாக இருக்காது. சுரைக்காயில் இதே பகுதியில் காய் முற்றும்போது கல்செல்கள் உருவாகி அடுக்காகச் சேரும். சுரைக்குடுக்கையின் ஓடு அப்படி வந்ததுதான். பிஞ்சு, இளங்காய், முற்றிய காய் என்று மூன்றிலும் தோலை வெட்டி, புளோரோகுளூசினாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்து வைத்தால் சிவப்பு எந்தக் கட்டத்தில் ஏறுகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அமிலத்தை மட்டும் நீங்கள் கையில் வைத்துக்கொண்டு சொட்டு விடுங்கள்.

போளூர்_எம்எஸ்சி எழுதியது:

நல்ல இழை. ஒரு சந்தேகம் சார். பரங்கியில் சூற்பை கீழ்மட்டம், அதாவது இதழ்களுக்குக் கீழே இருக்கிறது. அப்படியானால் நாம் 'சூற்பைச் சுவர்' என்று சொல்வது சூலக இலையா (சூலகத்தை உருவாக்கும் இலை போன்ற உறுப்பு), இல்லை பூத்தளம் கிண்ணமாக வளர்ந்து சூலகத்தை மூடிக்கொண்டதா? எங்கள் கல்லூரியில் ஒருவர் ஒன்று சொல்கிறார், இன்னொருவர் வேறு சொல்கிறார். தேர்வில் எதை எழுதினாலும் மதிப்பெண் போடுகிறார்கள், அதுதான் எனக்குச் சமாதானமாக இல்லை. நுண்ணோக்கியில் பார்த்து முடிவு செய்ய முடியுமா?

செதுவாலை_தாவரவியல் எழுதியது:

தம்பி, இது மிக நல்ல கேள்வி. நுண்ணோக்கியில் பார்க்க முடியும். பார்க்க வேண்டியது செல்லை அல்ல, வாஸ்குலார் கற்றை எந்தத் திசையில் போகிறது, எப்படித் திரும்பியிருக்கிறது என்பதை. இதற்கும் வரிசை வெட்டு இல்லாமல் வழியில்லை.

பூத்தளம் தண்டைச் சேர்ந்தது. தண்டு கிண்ணமாகக் குழிந்து சூலகத்தை விழுங்கியிருந்தால், கற்றைகள் கிண்ணத்தின் விளிம்பு வரை மேலே ஏறி, அங்கே வளைந்து, உள்சுவர் வழியாகக் கீழே இறங்கிச் சூல்களுக்குப் போக வேண்டும். இறங்கும் கற்றை தலைகீழாகிவிடும். வழக்கமான கற்றையில் சைலம் உள்ளே, புளோயம் வெளியே. இறங்கும் கற்றையில் இது மாறி சைலம் வெளிப்பக்கம் இருக்கும். அந்த மாறிய கற்றையைப் பார்த்தால் அது தண்டுத் திசு என்று சொல்லலாம். மாறாக, புல்லி, அல்லி, சூலக இலை எல்லாவற்றின் அடிப்பகுதிகளும் ஒட்டிச் சேர்ந்து சுவர் ஆகியிருந்தால் கற்றைகள் நேராக மேலே ஏறி வழியில் ஒவ்வொன்றாகப் பிரிந்துபோகும். தலைகீழ்க் கற்றை இருக்காது.

பரங்கியிலும் பீர்க்கிலும் நான் பார்த்தவரை கற்றைகள் ஏறிக்கொண்டே பிரிகின்றன. எனவே உறுப்புகளின் அடிகள் ஒட்டிய சுவர் என்ற பக்கம்தான் நான். தலைகீழ்க் கற்றைக்கு உதாரணம் வேண்டுமென்றால் தூரம் போக வேண்டாம். நம் மலையடிவாரத்துச் சப்பாத்திக்கள்ளியின் பூவை எடுங்கள். அதன் சூற்பைக்கு வெளியில் தண்டில் இருப்பது போலவே முள் திட்டுகள் இருக்கின்றன. முள் திட்டு தண்டில் வரும் உறுப்பு, சூலக இலையில் வராது. உள்ளே வெட்டினால் வளைந்து இறங்கும் கற்றைகளும் தெரியும். பரங்கியையும் கள்ளியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த மாணவருக்கு 'கீழ்மட்டச் சூற்பை' ஒரே மாதிரி வந்ததல்ல என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கள்ளியின் நுண்முள் கையில் ஏறினால் நாள் முழுக்க அரிக்கும். இடுக்கியில் பிடித்து முதலில் திட்டுகளைச் சுரண்டி எடுத்துவிட்டு வெட்டுங்கள்.

சூலக இலை மடிந்த இலைதான் என்ற வாதத்துக்குப் பின்னால் நம் பக்கத்து அறிஞர் ஒருவரின் பெரிய உழைப்பு இருக்கிறது. பிற்பாடு சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த பி.ஜி.எல். சுவாமி, அமெரிக்கத் தாவரவியலாளர் ஐ.டபிள்யூ. பெய்லியுடன் சேர்ந்து 1951-இல் இதைப் பற்றி எழுதினார். பழமையான சில மரக் குடும்பங்களில் சூலக இலை நடுநரம்பில் மடித்த வெற்றிலை மாதிரி இருக்கிறது, விளிம்புகள் முழுதாக மூடிக்கொள்ளவும் இல்லை, அந்தத் திறந்த விளிம்பின் நீளத்துக்கும் மகரந்தம் ஏற்கும் ரோமங்கள் இருக்கின்றன என்று காட்டினார்கள். தனியாக ஒரு சூலகமுடி பிற்பாடு வந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு பரங்கியின் கடத்தும் திசுவைப் பாருங்கள், அது ஏன் விளிம்புகள் சேரும் இடத்திலேயே ஓடுகிறது என்று தெரியும்.

அணைக்கட்டு_தோட்டம் எழுதியது:

வணக்கம் ஐயா. நான் படிச்சது பத்தாவது வரைதான், ஆனா முழுசும் படிச்சேன். பெண் பூவைப் பத்திப் பேசறதால கேக்கறேன். முக்கால் ஏக்கரா பரங்கி போட்டிருக்கேன். வெயில் ஏறினதிலிருந்து ஆண் பூவா கொட்டுது. வர்ற பெண் பூவும் பிஞ்சு கோலிக்குண்டு அளவு வந்ததும் மஞ்சளாகி நுனியில சுருங்கி உதிருது. மருந்துக்கடையில ஈ மருந்து அடிக்கச் சொன்னாங்க, அடிச்சும் நிக்கல. உள்ள வெட்டிப் பாத்தா காரணம் தெரியுமா? என்கிட்ட நுண்ணோக்கி எல்லாம் இல்ல.

பாலாற்று_மணல் எழுதியது:

தெரியும் தம்பி. இதற்குப் பெரிய கருவி வேண்டாம், ஒரு நல்ல கைலென்சும் பிளேடும் போதும். பக்கத்துப் பள்ளியில் மடிக்கும் காகித நுண்ணோக்கி ஃபோல்ட்ஸ்கோப் இருந்தால் இரவல் கேளுங்கள், அது 140 மடங்கு காட்டும்.

உதிர்ந்த பிஞ்சு சிலவற்றைப் பொறுக்கி முதலில் தோலைப் பாருங்கள். ஈ குத்தியிருந்தால் ஊசி முனை அளவு ஒரு புள்ளி, அதில் பழுப்பாகப் பிசின் கசிந்திருக்கும். அந்தப் புள்ளி வழியாகவே வெட்டினால் தோலுக்கு அடியில் வெள்ளையாக நீள முட்டைகள் அல்லது புழு போன தடம், சுற்றிலும் அழுகிய திசு இருக்கும். இது பழ ஈ.

புள்ளியே இல்லை, உள்ளே சதை வெள்ளையாகச் சுத்தமாக இருக்கிறது, ஆனால் சூல்கள் எல்லாம் சப்பென்று, ஒரே அளவில், பூ விரிந்த நாளில் இருந்தபடியே நின்றுபோயிருக்கின்றன என்றால் மகரந்தம் சேரவில்லை. மூன்றாவதாக ஒன்று உண்டு. ஒரு பக்கத்துச் சூல்கள் பருத்து, மறு பக்கம் சப்பையாக இருக்கும். அங்கே மகரந்தம் வந்திருக்கிறது, போதவில்லை. அப்படிப்பட்ட காய் நின்றாலும் கோணலாக வளரும்.

வெட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அதுவரை மருந்து வேண்டாம்.

செதுவாலை_தாவரவியல் எழுதியது:

அண்ணன் சொன்னதோடு காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், தோட்டக்காரருக்கு உதவும்.

பரங்கியில் எல்லா மொட்டும் தொடக்கத்தில் இருபாலாகத்தான் உருவாகத் தொடங்குகிறது. பிறகு ஒரு கட்டத்தில் ஒன்று நின்றுவிடுகிறது. பெண் பூவின் சூலகத்தண்டு அடியை லென்சில் பாருங்கள், நின்றுபோன மகரந்தத்தாள்களின் மொட்டை எச்சம் தெரியும். எது நிற்பது என்பதைத் தீர்மானிப்பதில் எத்திலீன் என்ற தாவர ஹார்மோனுக்குப் பெரிய பங்கு. எத்திலீன் கூடினால் பெண் பக்கம் சாயும். நீண்ட பகலும் கடும் வெயிலும் ஆண் பக்கம் தள்ளும். வேலூர் வெயிலில் ஆண் பூவாகக் கொட்டுவது கொடியின் நோய் அல்ல. இதனால்தான் வேளாண் பல்கலைக்கழகம் இளம் செடியில் எத்திலீனை வெளிவிடும் எத்ரல் மருந்தை 250 பிபிஎம் அளவில் தெளிக்கச் சொல்கிறது. 10 லிட்டர் தண்ணீருக்கு 2.5 மி.லி., விதைத்து 10, 15 நாளில் தொடங்கி வாரம் ஒரு தரம், நான்கு தரம். உங்கள் கொடி அந்த வயதைத் தாண்டிவிட்டது, இந்தப் பட்டத்துக்கு அது வேண்டாம். அடுத்த விதைப்பில் செய்யலாம்.

இப்போது பிஞ்சு. பூ விரிவதற்கு முன்பே சூற்பை உருண்டு காய் போல நிற்பதால் காய்த்துவிட்டது என்று நினைக்கிறோம். அந்தக் கட்டத்தில் சுவரின் செல்பிரிதல் தணிந்து காத்திருக்கும். மகரந்தக்குழல் சூலுக்குள் போய்க் கருவுறுதல் நடந்தால்தான் வளர்ச்சி மறுபடி பிடித்துக்கொள்ளும். விதை உருவாகத் தொடங்கிய சூல்கள் தரும் ஹார்மோன்கள் சுற்றியுள்ள சதையை வளரச் சொல்கின்றன. ஒரு பக்கத்துச் சூல் மட்டும் கருவுற்றால் அந்தப் பக்கம் மட்டும் பருப்பது இதனால்தான். எந்தச் சூலும் கருவுறாவிட்டால் கொடி அந்தப் பிஞ்சுக்கு உணவு அனுப்புவதைக் குறைத்துவிடும். மஞ்சளாகி உதிரும்.

பரங்கிப் பூ விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறி உச்சிக்கு வருவதற்குள் மூடிக்கொள்கிறது. ஒரே ஒரு காலைதான் வாய்ப்பு. நீங்கள் காலையில் மருந்து அடித்திருந்தால் தேனீ வந்திருக்காது. பரங்கி மகரந்தம் 100 மைக்ரானுக்கு மேல் பருமன், முள் முள்ளாக, பசையோடு இருக்கும். காற்றில் பறக்காது. தேனீ வராவிட்டால் கைதான்.

காட்பாடி_டீச்சர் எழுதியது:

மாத்திரை அட்டை முறையை இந்த வாரம் செய்தோம். காம்பைத் தண்ணீருக்குள் வெட்டியதும் பிளேடு வழுக்கவில்லை, மிக்க நன்றி அண்ணா. பத்துக் குழிக்கும் பத்துப் படம், ஒவ்வொரு குழுவும் வரைந்து கரும்பலகையில் மேலிருந்து கீழாக ஒட்டினார்கள். 'டீச்சர், நடுவுல இருக்கறது தனி அச்சு இல்ல, மூணும் சேர்ந்தது' என்று ஒரு பிள்ளையே எழுந்து சொன்னாள்.

உண்மையான அச்சு முறையைப் பக்கத்தில் காட்ட எந்தப் பெண் பூ நல்லது? அதுவும் எங்கும் கிடைப்பதாக இருக்க வேண்டும்.

பாலாற்று_மணல் எழுதியது:

ஆமணக்கு. வேர்க்கடலை நிலத்து வரப்பில் புழுவுக்குப் பொறியாக நட்டிருப்பார்கள், கேட்டு வாங்குங்கள். பூங்கொத்தின் மேல் பகுதியில் பெண் பூ, கீழே ஆண் பூ. பெண் பூவில் சிவந்த சூலகமுடியும் மென்முள் மூடிய சூற்பையும் பார்த்ததுமே தெரியும். குறுக்கே வெட்டினால் மூன்று அறை, அறைக்கு ஒரே சூல், நடுவில் சந்தேகமில்லாத அச்சு.

அதையே நெடுக்காகவும் வெட்டச் சொல்லுங்கள். ஆமணக்கின் சூல்துளைக்கு மேல் சூலொட்டுத் திசுவிலிருந்து ஒரு சின்னத் திசுக் குமிழ் வளர்ந்து தொப்பியாகக் கவிழ்ந்திருக்கும். தமிழிலும் அதை ஆப்டுரேட்டர் என்றே சொல்கிறோம். சூலகத்தண்டின் கடத்தும் திசுவிலிருந்து வரும் மகரந்தக்குழல் அதைப் பிடித்துக்கொண்டு நேராகச் சூல்துளைக்குள் இறங்கும். பரங்கியில் பார்த்த அதே பாதை, இங்கே கடைசி இடைவெளிக்கு ஒரு பாலம் போட்டிருக்கிறது. நடு வெட்டு சரியாக விழுந்தால் மட்டும் கிடைக்கும், பத்தில் இரண்டு விழுந்தால் நல்ல கை. இளம் விதையின் நுனியில் வெள்ளையாகத் திரளும் கட்டி வேறு, அது வெளிச் சூலுறையிலிருந்து வருவது. பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

போளூர்_எம்எஸ்சி எழுதியது:

சார், சூலின் உள்ளே போவது பற்றி யாரும் பேசவில்லையே. பரங்கிச் சூலில் இரண்டு சூலுறை, தடித்த சூல்திசு, அதன் நுனி சூல்துளை வரை அலகாக நீண்டிருக்கிறது. இதுவரை கைவெட்டில் பார்த்துவிட்டேன். கருப்பை (சூலுக்குள் முட்டை செல் இருக்கும் நுண்ணிய பை) மட்டும் கிடைக்கவே இல்லை. எட்டு உட்கரு, ஏழு செல் எல்லாம் புத்தகத்தில்தான் இருக்கிறது. மெழுகில் பதித்து மைக்ரோடோமில் (மெல்லிய சீவல் போடும் கருவி) வைத்தால் சீவல்கள் தொடர் ரிப்பனாக வராமல் ஒட்டிக்கொள்கின்றன. மே மாதம் ஆய்வகத்தில் நிற்கவே முடியவில்லை.

செதுவாலை_தாவரவியல் எழுதியது:

கருப்பைக்குக் கைவெட்டு போதாது. நீங்கள் மைக்ரோடோமுக்குப் போனது சரி. ஃபார்மலின் 5, அசிட்டிக் அமிலம் 5, 70 சத ஆல்கஹால் 90 என்ற கலவையில் ஒரு நாளாவது நிலைப்படுத்துங்கள். முழுச் சூற்பையைப் போடாதீர்கள், உள்ளே ஊறாது. சூலொட்டோடு சேர்த்துச் சின்னத் துண்டாக நறுக்கிப் போடுங்கள். மெழுகு 58, 60 டிகிரியில் உருகும் வகையாக இருக்கட்டும், தாழ்ந்த வகை நம் ஊர்க் கோடையில் நிற்காது. வெட்டுவதை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டையையும் கத்தியையும் ஐஸ் கட்டியில் சிறிது நேரம் குளிரவைத்துத் துடைத்துவிட்டு 10, 12 மைக்ரானில் வெட்டுங்கள். ரிப்பன் வரும்.

ஒரே வெட்டில் ஏழு செல்லும் கிடைக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முட்டை செல் ஒன்றில், அதன் பக்கத்துத் துணைச் செல்லான சினர்ஜிட் அடுத்ததில், நடுச்செல்லின் உட்கருக்கள் இன்னொன்றில் இருக்கும். ரிப்பனின் வரிசை கலையாமல் இருந்தால்தான் ஒரு கருப்பையைக் கூட்டிப் படிக்கலாம். இங்கும் அதே பாடம்தான். 1898-இல் ரஷ்யத் தாவரவியலாளர் நவாஷின் இரட்டைக் கருவுறுதலை (ஒரு ஆண் செல் முட்டையோடும் இன்னொன்று நடுச்செல்லோடும் சேர்வதை) கண்டதும் லில்லி வகைகளின் கருப்பையை இப்படி வெட்டு வெட்டாகப் படித்துத்தான்.

கருவுற்ற பிறகு வரும் நாட்களின் சூலையும் எடுத்து வையுங்கள். இந்தக் குடும்பத்தில், கருவுக்கு உணவாகும் கருவூண் திசு அடிப்பக்கமாக ஒரு நீண்ட குழலை நீட்டி உறிஞ்சும். விதை முதிரும்போது கருவூண் முழுவதும் தீர்ந்து சத்தெல்லாம் விதையிலைக்குப் போய்விடும். நாம் உரித்துத் தின்னும் பரங்கி விதைப் பருப்பு விதையிலைதான். தென்னையிலும் பனையிலும் இதற்கு நேர்மாறு. இளநீரும் நுங்கின் நீரும் செல்சுவர் இன்னும் எழாத கருவூண். ஓரத்திலிருந்து சுவர் எழுந்து வரவரத்தான் வழுக்கையாகிறது. பெண் பனையின் ஒரு பூவில் மூன்று சூலக இலை, ஒவ்வொன்றிலும் ஒரு சூல். மூன்றும் கருவுற்றால் மூன்று கண் நுங்கு.

ஜவ்வாது_மலையடி எழுதியது:

கருப்பை கிடைக்கவில்லை என்று போளூர்த் தம்பி சொன்னதால் இதை எழுதுகிறேன். சந்தனப் பூவை முயன்று பாருங்கள். தனிப் பெண் பூ அல்ல, இருபால் பூதான், ஆனால் சூலகத்தைப் படிக்க இதைப் போல இன்னொன்று நம் மாவட்டத்தில் இல்லை. சூலுக்குச் சூலுறையே கிடையாது. நடுவில் ஒரு சூலொட்டுத் தூண், அதில் தொங்கும் எளிய சூல்கள். கருப்பை அந்தச் சூலுக்குள் அடங்கி இருப்பதில்லை. வளர்ந்து சூலை விட்டு வெளியே நீண்டு வந்துவிடும். சூலுறைத் தடுப்பு இல்லாததால் மொட்டைப் பிரித்துச் சூலொட்டுத் தூணை மட்டும் ஊசியால் எடுத்து, நிறம் நீக்கித் தெளியவைத்து முழுதாகவே பார்க்கலாம். மாமரத்துப் புல்லுருவி இன்னும் ஒரு படி மேலே. அதில் தனிச் சூல் என்று பிரித்துச் சொல்ல ஒன்றும் இல்லை, கருப்பைகள் மகரந்தக்குழலை எதிர்கொண்டு சூலகத்தண்டுக்குள்ளேயே ஏறிவிடுகின்றன.

போளூர்_எம்எஸ்சி எழுதியது:

நன்றி அண்ணா. புல்லுருவி எங்கள் மாந்தோப்பிலேயே இருக்கிறது, சந்தன மொட்டுக்கு வனத்துறையில் கேட்டுப் பார்க்கிறேன். டீச்சருக்கு ஒரு தகவல், மகரந்தக்குழலைப் பார்க்க ஒளிர்வு நுண்ணோக்கி கட்டாயமில்லை. கையால் மகரந்தம் தடவிய பரங்கிப் பூவின் சூலகமுடியைச் சில மணி நேரம் கழித்து எடுத்து, சோடியம் ஹைட்ராக்சைடில் மென்மையாக்கிக் கழுவி, லாக்டோஃபீனால் காட்டன் நீலத்தில் நசுக்கினால் குழல்கள் நீலமாகச் சாதாரண வெளிச்சத்திலேயே தெரிகின்றன. பரங்கியின் குழல் பருமன் என்பதால் பிள்ளைகளுக்கும் பிடிபடும்.

அணைக்கட்டு_தோட்டம் எழுதியது:

ஐயா, வெட்டிப் பாத்துட்டேன். ஒன்னு ரெண்டுல தான் ஈ குத்தின புள்ளி, உள்ள புழு. மத்ததெல்லாம் சுத்தமா வெள்ளையா இருக்கு, விதை எல்லாம் சப்பை. பாதி பருத்தது ஒன்னு கிடைச்சுது, நீங்க சொன்ன மாதிரியே ஒரு பக்கம் மட்டும். மருந்தை நிறுத்திட்டேன். விடியக்காலம் ஆண் பூவைப் பறிச்சு இதழைக் கிழிச்சிட்டுப் பெண் பூவுல தடவறேன். தடவின பிஞ்சு இப்ப நிக்குது. ஓரத்துல சுரையும் பீர்க்கும் இருக்கு. அதுக்கும் காலையிலேயே செய்யலாமா?

பாலாற்று_மணல் எழுதியது:

வேண்டாம் தம்பி, சுரையும் பீர்க்கங்காயும் சாயங்காலம் விரியும் பூ. வெயில் தாழ்ந்து இதழ் பிரிந்ததும் செய்யுங்கள், புடலைக்கும் மாலைதான். பாகலுக்கு மட்டும் பரங்கி மாதிரி காலை. தடவும்போது மூன்று சூலகமுடியிலும், ஒவ்வொன்றின் இரண்டு மடலிலும் படும்படி தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் தடவினால் அந்தப் பாதி பருத்த பிஞ்சு மாதிரி ஆகக்கூடும். ஈ குத்திய பிஞ்சுகளைக் கொடியடியில் போடாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். புழு மண்ணில் இறங்கித்தான் கூட்டுப்புழு ஆகும். க்யூலூர் பொறி கிடைத்தால் இரண்டு மூன்று தொங்கவிடுங்கள், ஆண் ஈ விழும்.